மேலேதான் ஓடுதே, கீழே எதுக்கு?

ரூட்டரில் பச்சை விளக்கு எரிந்த அடுத்த நிமிடமே "ஓகே சார்" என்று சொல்லி பைக்கை உதைக்கிற டெக்னீஷியன் பிள்ளைகளே, கொஞ்சம் நில்லுங்கள். திட்டத்தான் கூப்பிட்டேன் என்று நினைக்க வேண்டாம். திட்டுவேன், ஆனால் நடுநடுவேதான்.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. முதலில் மொட்டை மாடிகளில் டிஷ் மாட்டினேன். பிறகு வீட்டுக்குள் நெட்வொர்க் வயர் இழுத்தேன். இனி ஏணி ஏற மாட்டேன் என்று முழங்கால் கையை விரித்த பிறகு கடையை மூடிவிட்டேன். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு நான் டிஷ் தம்பி, சின்னவர்களுக்கு டிஷ் அண்ணா, மார்க்கெட்டில் மீன் விற்கும் அஞ்சலைக்கு வெறும் டிஷ்ஷு. அந்த அஞ்சலை டிவி பார்த்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

இன்றைக்கு நீங்கள் போனைத் தட்டினால் சுவரில் படம் ஓடுகிறது. நான் சொல்வது இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள். வயிற்றில் ஹார்டு டிஸ்க் வைத்த சாட்டிலைட் பெட்டிகள் அப்போதுதான் எங்கள் பக்கம் வர ஆரம்பித்திருந்தன. டிஷ்ஷில் வருகிற நிகழ்ச்சியைப் பெட்டியே பதிந்து வைத்துக்கொள்ளும். பெட்டியிலிருந்து மாடிக்கு ஒரு வயர் இழுத்துவிட்டால், கீழே பதிந்ததை மேலே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாம். ஹாலில் சீரியல் ஓடும்போது மாடியில் கிரிக்கெட் பார்க்கலாம் என்று சொன்னதும் பல வீட்டு ஆண்களுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் வியாபாரம் நன்றாகவே நடந்தது.

கிழக்குத் தாம்பரத்தில் முதலில் மாட்டிக்கொண்டவர் தேவசகாயம் சார். அரசாங்க ஆபீஸில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். ஒரே ஒரு குணம், எந்த வேலையைச் செய்வதற்கு முன்னாலும் அதைப் பற்றி முழுவதுமாகப் பேசி முடித்துவிட வேண்டும் அவருக்கு. அவர் மனைவி கிரேஸ் டீச்சர் நேர் எதிர். கேளம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். வாயில் விசில் இல்லாவிட்டாலும் இருப்பது போலவே பேசுவார்.

கிரேஸ் டீச்சர் கண்டெடுத்த பெண் செல்வி. கோவளம் பக்கக் குப்பத்துப் பிள்ளை, அஞ்சலையின் ஒரே மகள். பள்ளி மைதானத்தில் வாலிபால் ஆட ஆரம்பித்தவள் மாநில ஜூனியர் அணி வரைக்கும் போய்விட்டாள். அவள் ஆடிய ஒரு பெரிய மேட்ச்சை அரசாங்க விளையாட்டு சேனலில் ஒரே ஒரு தடவை காட்டினார்கள், அதுவும் காலையில். அந்த நேரத்தில் அஞ்சலை மார்க்கெட்டில் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். டீச்சர் வீட்டுப் பெட்டி அதைப் பதிந்து வைத்தது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். வெளியூர் விளையாட்டு ஹாஸ்டல் ஒன்றில் செல்விக்கு இடம் கிடைத்திருந்தது. தங்க இடம், சாப்பாடு, காலேஜ் படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அஞ்சலை மட்டும் தலையை ஆட்ட மறுத்தாள். "டவுசர் மாட்டிகினு பந்து தட்டறதுக்கு ஊர் ஊரா அனுப்பணுமா டீச்சர்? குப்பத்துல இன்னா பேசுவாங்க? என் தம்பி கண்ணாலத்துக்கு ஒரு எடம் பாத்து வெச்சிகீறான்" என்பாள். மகள் ஆடி அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கும் நேரமெல்லாம் அவளுக்கு வியாபார நேரம். கடைசியில் கிரேஸ் டீச்சர் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒரு தடவை வீட்டுக்கு வந்து அந்த மேட்ச்சைப் பார், அப்புறம் நீ வேண்டாம் என்றால் நான் வாயே திறக்கவில்லை என்று. அஞ்சலையும் சனிக்கிழமை மீன் விற்றதும் வருவதாகச் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஹாஸ்டலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் கடையைத் திறந்து ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். தேவசகாயம் சாரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, ஒரு சின்ன விஷயம். பதற்றப்படாம கேக்கணும்."

பின்னால் கிரேஸ் டீச்சரின் குரல் கேட்டது. "சின்ன விஷயமா? மேட்ச்சையே அழிச்சுட்டு நிக்கறார் தம்பி இந்த மனுஷன்."

எனக்குப் பகீரென்றது. அழிந்துபோனதை மீட்பதற்கு நம் தொழிலில் முதல் விதி என்ன? டிஸ்க்கில் மேற்கொண்டு எதையும் எழுத விடக்கூடாது. பிளக்கைப் பிடுங்கு, மற்றதை அப்புறம் யோசி. யோசிக்காமல் அதையே சொன்னேன். "சார், உடனே பெட்டியோட பிளக்கைப் பிடுங்கிடுங்க."

"பிடுங்கிடறேன். அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார். மற்ற நாளாக இருந்தால் எரிச்சல்பட்டிருப்பேன். அன்றைக்கு அந்த மனிதரின் வாய்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றியது.

அவர் சொன்னது இது. காலையில் மாடியில் உட்கார்ந்து அந்த மேட்ச்சைப் பார்த்திருக்கிறார். பாதியில் காபி குடிக்கக் கீழே வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நிகழ்ச்சியைப் பதிய பெட்டியில் இடம் போதாது என்று டிவி திரையில் எழுத்து வந்திருக்கிறது. "மேலதான் நல்லா ஓடுதே, கீழே எதுக்கு இன்னொண்ணுன்னு ரிமோட்ல அழிச்சேன் தம்பி. ஆபீஸ்ல அப்படித்தானே? மேலிடத்துக்குக் காப்பி போயிட்டா, செக்ஷன்ல இருக்கறதைக் கழிச்சுடுவோம். முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு பேப்பர் காணாம போனதில்ல."

இதை நான் எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தோட்டத்து மாமரம் தெரிகிறது. அதற்காக மரம் மாடிக்கு வந்துவிட்டதா? கீழே வெட்டினால் மேலேயும் தெரியாது. வயர் இழுக்கும்போது ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். மேலே படம் ஓட ஆரம்பித்ததும் அது மேலேயே இருப்பதாகத்தான் அவர்களுக்குத் தோன்றும்.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை என் காதில் மாட்டிக்கொண்டது. "சார், இருங்க. காபி குடிக்க வந்தேன்னு சொன்னீங்களே, மேல படத்தை மூடிட்டு வந்தீங்களா?"

"இல்லியே. நிறுத்தி வெச்சுட்டு வந்தேன். அப்படியே நிக்குது."

"பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா?"

"கையை வெச்சிருக்கேன்."

"எடுங்க சார் கையை. யாரும் எதையும் தொடாதீங்க. மாடிப் பக்கமே போகாதீங்க. இதோ வந்துட்டேன்."

ஊதுவத்தி பாட்டுக்கு எரியட்டும் என்று கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடினேன். வண்டியில் போகும்போதே எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வந்தன.

விஷயம் இதுதான். அந்தப் பெட்டிகளில் ஒரு ஃபைலை அழித்தால் முதலில் அதன் பெயர்தான் பட்டியலிலிருந்து போகும். அந்த நேரத்தில் வேறு யாராவது அந்த ஃபைலைத் திறந்து வைத்திருந்தால், அவர்கள் மூடுகிற வரைக்கும் உள்ளே இருப்பதைப் பெட்டி விட்டுவிடாது. தியேட்டரில் போஸ்டரைக் கிழித்தாகிவிட்டது, டிக்கெட் கவுண்டரை மூடியாகிவிட்டது. ஆனால் உள்ளே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்காகப் படம் ஓடும். அவர் எழுந்தால் தீர்ந்தது. மாடியில் நிறுத்தி வைத்திருந்த அந்தப் படம்தான் தியேட்டரில் மிச்சமிருந்த அந்த ஒரு ஆள். பிளக்கைப் பிடுங்கியிருந்தால் என் கையாலேயே விளக்கை அணைத்தது போல் ஆகியிருக்கும். விதி தெரிந்திருப்பது நல்லதுதான் பிள்ளைகளே. வாயைத் திறப்பதற்கு முன்னால், இந்த வீட்டில் இப்போது என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு கேள்வியும் கேட்டுவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் டிவி ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பிறகு மாடிக்குப் போனோம். கம்ப்யூட்டர் திரை தூங்கிக் கருத்துப் போயிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மவுஸை லேசாக அசைத்தேன். படம் வந்தது. சிவப்புச் சட்டைப் பெண்கள் வலைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார்கள், யாரோ பந்தைத் தூக்கிப் போடப் போகிற நிலையில் எல்லாம் உறைந்திருந்தது. மூன்றாவது செட் ஆரம்பம் என்றார் டீச்சர்.

"இருக்கா தம்பி?"

"இருக்கு டீச்சர். ஆனா இங்க மட்டும்தான் இருக்கு. இதை மூடினா போச்சு, பெட்டி ஆஃப் ஆனா போச்சு, நடுவுல இருக்கற வயரை எலி கடிச்சாலும் போச்சு."

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "கரண்ட் போனா?"

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் தினமும் முறை வைத்துக் கரண்டை நிறுத்துவார்கள். அந்தத் தெருவுக்கு மதியம் இரண்டு மணி. மாடிக் கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருந்தது. கீழே பெட்டிக்கு இல்லை. யு.பி.எஸ்ஸை இறக்கிக் கொண்டுபோய் மாட்டலாம் என்றால், மாட்டுவதற்கே பெட்டியை ஒரு தடவை அணைக்க வேண்டும். அஞ்சலையோ மீன் விற்று முடித்துவிட்டு மூன்று மணிக்கு மேல்தான் வருவாள்.

சார் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். "தம்பி, இந்த பிளேயர்லயே ரெக்கார்ட் பட்டன் ஒண்ணு இருக்காமே. ஓட விட்டுக்கிட்டே பதிஞ்சுக்கலாமே. அப்ப காப்பி நம்ம கைக்கு வந்துடும்."

யோசனை தப்பில்லை. எனக்கும் விரல் துறுதுறுத்தது. டெக்னீஷியன் என்றால் காப்பாற்றத்தானே தோன்றும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் சாருடைய சர்வீஸோடு சேர்ந்து ஓய்வு பெற்றிருக்க வேண்டியது. ஒரு படத்தை ஓட்டுவதற்கே மூச்சு வாங்கும். ஓட்டிக்கொண்டே பதியச் சொன்னால் நடுவில் ஹேங் ஆகிவிடும். பிளேயரை மூடித் திறப்பதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. மூடினால் என்ன ஆகும் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நிமிடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். டீச்சருக்கு வேண்டியது ஃபைலா? இல்லை. அந்த அம்மா தன் மகள் ஆடுவதை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஃபைலைக் காப்பாற்றப் போய் அதைத் தொலைத்துவிட்டால் சாயங்காலம் செல்விக்கு நான் என்ன பதில் சொல்வது? உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். கையில் இருக்கும் சாமானைக் காப்பாற்றுவதா, வந்த காரியத்தை முடிப்பதா என்று. காரியத்தைப் பாருங்கள்.

"ரெக்கார்ட் வேணாம் சார். பின்னாடி ஓட்டி முதல்லேருந்து போடவும் வேணாம், இந்தக் கம்ப்யூட்டர் தாங்காது. நிக்கற இடத்துலேருந்தே ஓடட்டும். டீச்சர், நீங்க போய் அஞ்சலையக்காவை இப்பவே கூட்டிட்டு வாங்க."

டீச்சர் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். நானும் சாரும் மாடியில் காவல் காத்தோம். திரை மறுபடி தூங்கிவிடாமல் அவ்வப்போது மவுஸை அசைத்துக்கொண்டிருந்தேன். சார் ஓரமாகக் கட்டிலில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தம்பி, ஃபேனையாவது போடலாமா?" என்று கேட்டார். பாவமாக இருந்தது, போடச் சொன்னேன்.

வெகுநேரம் கழித்து டீச்சரிடமிருந்து போன் வந்தது. "வர மாட்டேங்கறா தம்பி. கூடையில பாதி மீன் இருக்காம். மொத்தத்தையும் நானே வாங்கிக்கறேன்னு சொன்னேன், கோவிச்சுக்கறா."

பின்னால் அஞ்சலையின் குரல் தெளிவாகக் கேட்டது. "பாவம் பாத்து வாங்கறவங்களுக்கு நான் குடுக்கறதில்ல. ரெண்டு பேர் இருக்கற வூட்ல இத்தினி மீனை வெச்சிகினு இன்னா பண்ணுவே? நாளைக்கு நாறிப் போச்சுன்னு எம்மேல பழி போடுவே. வித்துட்டு வரேன் டீச்சர், பேஜார் பண்ணாத."

"டீச்சர், அப்ப நீங்களே வித்துக் குடுங்க" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

போன் அணையவில்லை. அதில் கிரேஸ் டீச்சரின் மைதானக் குரல் வந்தது. முன்னூறு பிள்ளைகளை ஒரே கத்தலில் வரிசையில் நிறுத்துகிற குரல். "சங்கரா மீனு, சங்கரா மீனு! இங்க வாங்க! ஏய், நீ எட்டாங்கிளாஸ் பிரியாவோட அப்பாதானே? அங்க எதுக்கு சுத்தறீங்க, இப்படி வாங்க!"

சாரும் நானும் போனை நடுவில் வைத்துக்கொண்டு கேட்டோம். மீன் வாங்க வந்தவர், வாழைக்காய் வாங்க வந்தவர், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் என்று எல்லோரும் வாங்கினார்கள். முறைத்துப் பார்க்கிற பி.டி. டீச்சரிடம் யார் பேரம் பேசுவார்கள்? "இருபத்தஞ்சு வருஷமா இந்தக் குரலோடதான் குடித்தனம் பண்றேன் தம்பி" என்றார் சார். அதில் பெருமையும் இருந்தது.

ஸ்கூட்டியின் பின்னால் காலிக் கூடையோடு அஞ்சலை வந்து இறங்கும்போது மணி ஒன்றரையைத் தாண்டிவிட்டது. "எம்மா தொண்ட இந்த டீச்சருக்கு. நாளைக்கும் வந்துடு, பாதிப் பங்கு தரேன்" என்று சொல்லிக்கொண்டே படியேறினாள். கைகால் கழுவிவிட்டு, நாற்காலி வேண்டாம் என்று தரையில் உட்காரப் போனவளை டீச்சர் தோளைப் பிடித்து நாற்காலியிலேயே அழுத்தினார்.

நான் ஒரே ஒரு விசையைத் தட்டினேன். படம் ஓடியது.

"எல்லாம் ஒரே கலர் சட்டையா கீது. இதுல எது டீச்சர் நம்பள்து?"

டீச்சர் கையை நீட்டுவதற்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள். "தோ நிக்குதே. அவ அப்பன் படகுல நிக்கறாப்பலயே கால அகட்டிகினு நிக்குது பாரு."

அந்தப் பக்கத்திலிருந்து பந்து சீறிக்கொண்டு வந்தது. செல்வி தரையில் விழுந்து அதை எடுத்தாள். முழங்கால் உரசியது. அஞ்சலை "ஐயோ" என்று பாதி எழுந்தாள். அதற்குள் செல்வி எழுந்துவிட்டாள், முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தாள்.

"வூட்ல ஒரு கொடம் தண்ணி தூக்கச் சொன்னா இடுப்பு நோவுதுன்னு சொல்லுவா டீச்சர் இது. இங்க பாரு."

வர்ணனை இந்தியில் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அதில் செல்வி, செல்வி என்று வந்தது. அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். "இன்னா சொல்றான் டிஷ்ஷு? திட்றானா?"

"இல்லக்கா. மொத்த டீம்லயும் இந்தப் பொண்ணுதான் தைரியசாலிங்கறான்."

எனக்கு இந்தி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்த மனிதரின் குரல் அதைத்தான் சொன்னது, சத்தியமாக.

அதற்குப் பிறகு அஞ்சலை யாரையும் எதையும் கேட்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றியபடி பார்த்தாள். இரண்டு பக்கமும் புள்ளிகள் மாறி மாறி ஏறின. நான் படத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் கம்ப்யூட்டரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முனகியது, இழுத்தது, ஆனால் நிற்கவில்லை. கடைசிக் கட்டத்தில் இரண்டு அணியும் சமம். சர்வ் போடப் பந்து செல்வியின் கைக்கு வந்தது. அவள் அதை மேலே வீசிவிட்டு எம்பினாள்.

ஃபேன் நின்றது. யு.பி.எஸ். கூவ ஆரம்பித்தது. கீழே பெட்டி அணைந்துவிட்டது.

திரையில் படம் அப்படியே உறைந்து நின்றது. செல்வி அந்தரத்தில் இருந்தாள். கை ஓங்கியிருந்தது, பந்து அவள் தலைக்கு மேலே. யு.பி.எஸ். மட்டும் கூவிக்கொண்டே இருந்தது. அஞ்சலை எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், தொடவில்லை. மகளையே பார்த்தபடி நின்றாள். யு.பி.எஸ்ஸும் ஓய்ந்து திரை கருத்த பிறகுதான் நகர்ந்தாள்.

"அவ்ளோதானா டிஷ்ஷு?"

"அவ்வளவுதான்க்கா. இனிமே அது எங்கயும் இல்ல."

தேவசகாயம் சார் தலையைக் குனிந்துகொண்டார். அஞ்சலை டீச்சரைப் பார்த்தாள். "ஜெயிச்சாங்களா?"

டீச்சர் வாயைத் திறந்தார். அஞ்சலை கையைக் காட்டி நிறுத்தினாள். "வாணாம், சொல்லாத. வூட்டுக்குப் போயி அவ வாயாலயே கேட்டுக்கறேன்."

கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு இருட்டான படியில் இறங்கினாள். பாதி இறங்கியவள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"டிஷ்ஷு, அடுத்த தபா இத்தப் பொட்டில புடிச்சு வெக்காத. எந்த ஊர்ல ஆடுதுன்னு டீச்சராண்ட கேட்டு எனுக்குச் சொல்லு. நேர்ல போய் பாத்துக்கறேன்."

செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியது. பிறகு சார் மெதுவாகக் கேட்டார், "அப்போ, ஹாஸ்டலுக்கு சரின்னுதானே அர்த்தம்?"

கிரேஸ் டீச்சர் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கையால் செல்போனில் ஹாஸ்டல் நம்பரைத் தட்டிக்கொண்டிருந்தார்.